பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரான் நடுப்புள்ளியைத் தாண்டுவது எப்படி?

தண்டையார்பேட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் இளங்கலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். இந்தப் பருவத்தில் குவாண்டம் இயக்கவியல் தனித்தாளாக வந்திருக்கிறது. கரும்பொருள் கதிர்வீச்சு, ஒளிமின் விளைவு, காம்டன் விளைவு, டி பிராய் அலைகள், பிறகு ஷ்ரோடிங்கர் சமன்பாடு, பெட்டிக்குள் துகள், ஹைட்ரஜன் அணு என்று பாடத்திட்டம் போகிறது. பயன்பாடுகள் என்ற தலைப்பு ஐந்தாம் அலகின் கடைசியில் சில வரிகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்குகளைப் போட எனக்கு வரும்; மதிப்பெண்ணுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. இரண்டு சுவர்களுக்கு இடையே அடைபட்ட துகளைத்தான் பெட்டிக்குள் துகள் என்கிறோம். அதன் இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் அலைச்சார்பு, அதாவது வர்க்கப்படுத்தினால் துகள் எங்கே இருக்கும் என்ற நிகழ்தகவைத் தரும் சார்பு, சரியாக நடுப்புள்ளியில் சுழியாகிறது. அப்படியானால் அந்த இடத்தில் துகள் இருப்பதற்கான நிகழ்தகவும் சுழி. இடது பாதியில் பாதி நிகழ்தகவு, வலது பாதியில் பாதி நிகழ்தகவு என்றும் கணக்கு சொல்கிறது. நடுவில் ஒருபோதும் இல்லாத துகள் இடமிருந்து வலத்துக்குப் போவது எப்படி? வகுப்பில் கேட்டபோது, அது அலை, அதனால் அப்படித்தான் என்ற பதிலோடு மணி அடித்துவிட்டது.

இன்னொன்று. செய்முறைத் தேர்வில் எல்.இ.டி. விளக்குகளைக் கொண்டு, ஒளியின் அதிர்வெண்ணை ஒளித்துகளின் ஆற்றலோடு இணைக்கும் பிளாங்க் மாறிலியைக் காணும் சோதனை வருகிறது. சீனியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை வந்திருக்கிறது. அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் பழைய வாத்தியார்

வணக்கம் அம்மா. பணியில் இருந்த காலம் முழுவதும் இந்தத் தாளை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கேள்வி நல்ல கேள்வி; அதற்கு அந்த ஒற்றை வரியைவிட நல்ல பதில் இருக்கிறது.

நீங்கள் மனத்தில் ஒரு சிறிய குண்டை வைத்து, அது சுவருக்குச் சுவர் ஓடித் திரும்புவதாக எண்ணிக்கொண்டு, அந்த ஓட்டத்தின் இடையில் ஓரிடத்தை மட்டும் அது மிதிக்காமல் தாண்டுவதாகக் கேட்கிறீர்கள். ஆனால் ஆற்றல் திட்டவட்டமாக உள்ள ஒரு நிலையில் நிகழ்தகவுப் பரவல் காலத்தோடு மாறுவதே இல்லை. நேற்று இருந்ததுபோலவே இன்றும் இருக்கிறது. அந்த நிலையில் இடமிருந்து வலமாக எதுவும் பாயவில்லை. நிகழ்தகவுப் பாய்வைக் கணக்கிட்டால் பெட்டியின் எல்லாப் புள்ளிகளிலும் சுழி வரும், நடுப்புள்ளியில் மட்டும் அல்ல. எனவே அந்த நிலையைப் பொறுத்தவரை தாண்டுதல் என்ற நிகழ்ச்சியே கிடையாது.

இதை வேறொரு விதமாகவும் பார்க்கலாம். இரண்டாம் மட்டத்தின் சைன் அலையை, வலப்பக்கம் செல்லும் ஓர் அலையும் இடப்பக்கம் செல்லும் ஓர் அலையும் சேர்ந்த கூட்டாக எழுதிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே நடுப்புள்ளியைத் தடையின்றிக் கடக்கின்றன; எதிரெதிரான கட்டத்தில் அங்கே சந்திப்பதால் கூட்டுத்தொகை சுழியாகிறது. ஆகவே கணு என்பது அவ்விடத்தில் நிற்கும் தடுப்பு அன்று, இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். வீணைத் தந்தியின் நடுவில் மெல்ல விரலைத் தொட்டு வைத்து மீட்டினால், தொட்ட இடம் அசையாமல் நிற்க இரு பாதிகளும் அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கேட்காத கேள்வியை இங்கே கேட்கத் தோன்றுவதற்குக் காரணம் துகள் என்ற சொல்லோடு நாம் சுமந்துவரும் பழக்கம்தான்.

உண்மையான இயக்கம் வேண்டுமென்றால் முதல் மட்டத்தையும் இரண்டாம் மட்டத்தையும் சம அளவில் கலந்த ஒரு நிலையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 1 நானோமீட்டர் அகலமுள்ள பெட்டி, உள்ளே ஓர் எலக்ட்ரான் என்று வைத்தால் முதல் மட்டத்தின் ஆற்றல் 0.376 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் நாம் பயன்படுத்தும் ஆற்றல் அலகு). மட்ட எண்ணின் வர்க்கத்தோடு ஆற்றல் ஏறுவதால் இரண்டாம் மட்டம் அதைப்போல் நான்கு மடங்கு, 1.504. இடது பாதியில் எலக்ட்ரான் இருப்பதற்கான நிகழ்தகவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதை நீங்களே காணுங்கள். விடையை இங்கே எழுதினால் சரிபார்க்கிறேன்.

வியாசர்பாடி ஜாம் தேர்வர்

ஐ.ஐ.டி. போன்றவற்றில் முதுகலை சேர்வதற்கான ஜாம் நுழைவுத்தேர்வுக்குப் படிப்பவன் நான். ஐயா சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்தக் குழப்பத்துக்கு மூலகாரணம் பாடத்திட்டத்தின் வரிசை என்பது என் கருத்து. பிளாங்க் 1900, ஐன்ஸ்டைன் 1905, போர் 1913, டி பிராய் 1924 என்று ஆண்டு வரிசையில் நடத்துகிறோம். அவர்கள் தடுமாறிய வழியிலேயே நம்மையும் தடுமாறச் சொல்கிறோம். போரின் வட்டப்பாதைகளை இரண்டு அலகுகள் மனப்பாடம் செய்துவிட்டு, மூன்றாவது அலகில் அப்படிப் பாதையே கிடையாது என்று கேட்டால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

இதற்குப் பதிலாக ஸ்டெர்னும் கெர்லாக்கும் 1922-இல் செய்த சோதனையிலிருந்து தொடங்கலாம். வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலம் ஒன்றின் வழியே அனுப்பினால் அது பரவலாக விரியாமல் இரண்டாகப் பிரிகிறது. மேல்நோக்கிப் பிரிந்த கற்றையை மட்டும் எடுத்து, பக்கவாட்டில் திருப்பி வைத்த இரண்டாவது காந்தத்துக்குள் அனுப்பினால் மீண்டும் சரிபாதியாகப் பிரிகிறது. அதில் ஒரு பாதியை எடுத்து, முதல் காந்தத்தைப் போலவே செங்குத்தாக வைத்த மூன்றாவது காந்தத்துக்குள் அனுப்பினால், ஏற்கெனவே மேல்நோக்கியவை என்று பொறுக்கியெடுத்த அணுக்களில் பாதி கீழ்நோக்கி வருகின்றன! மேற்பொருந்துதல், அளவீடு, ஒரே நேரத்தில் மதிப்பு சொல்ல முடியாத இரண்டு அளவுகள் என்ற மூன்றும் இந்த ஒரே ஏற்பாட்டில் வந்துவிடுகின்றன. தேவைப்படும் கணிதமோ இரண்டுக்கு இரண்டு அணிகள் மட்டுமே. வகைக்கெழுச் சமன்பாடு எதுவும் வேண்டாம்.

பெரம்பூர் பழைய வாத்தியார்

தம்பி, உங்கள் வரிசையில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது. ஆற்றல் ஏன் படிப்படியாக மட்டுமே வருகிறது என்ற கேள்விக்குச் சுவரில் அலை சுழியாக வேண்டும் என்ற நிபந்தனைதான் விடை. அதை இரண்டுக்கு இரண்டு அணி காட்டாது. பெட்டிக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர்களுக்கு அது எலும்பில் ஏறிவிடுகிறது. மேலும், 1922-இல் அந்தச் சோதனையைச் செய்தவர்களே தங்கள் முடிவைப் போரின் பழைய கொள்கைக்குச் சான்றாகத்தான் கருதினார்கள். எலக்ட்ரானின் தற்சுழற்சி என்ற கருத்தை ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்வைத்தது 1925-இல்தான். கருத்து பிறந்த பிறகு பார்க்கும்போது எளிமையாகத் தெரிகிறது.

பழைய கொள்கையை நெடுநாள் படிப்பதில் உள்ள ஆபத்து பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஜெர்மானிய இயற்பியலர் சொம்மர்ஃபெல்ட் 1928-இல் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அப்போது அங்கே இளங்கலை மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்த தெம்பில் அவரைப் போய்ப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லி, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் பாலியும் கொண்டுவந்த மாற்றங்களை சொம்மர்ஃபெல்ட் அவருக்கு எடுத்துச் சொன்னார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், அந்தப் புதிய கொள்கையில் அடங்கிய எலக்ட்ரான் புள்ளியியலை, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களுக்குப் பொருத்தி, அவற்றின் நிறைக்கு ஒரு மேல் எல்லை உண்டு என்று அவர் கண்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று நாம் சொல்லும் எல்லைக்கு அதுவே தொடக்கம்.

எண்ணூர் சிந்தனையாளர்

நான் இயற்பியல் மாணவன் அல்லன்; ஆர்வத்தால் படிப்பவன். நாம் பார்ப்பதால்தான் துகள் கலைகிறது என்பதே நிச்சயமின்மைக் கோட்பாடு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் பார்க்கும் மனம்தான் உலகை உருவாக்குகிறது என்பதைக் குவாண்டம் இயக்கவியல் ஒப்புக்கொள்கிறது அல்லவா?

பெரம்பூர் பழைய வாத்தியார்

இல்லை ஐயா. நுண்ணோக்கியால் எலக்ட்ரானைப் பார்க்கும்போது அதன் உந்தம் குலைகிறது என்ற விளக்கத்தை 1927-இல் ஹைசன்பர்க்கே கொடுத்தார் என்பது உண்மை. அதனால்தான் அது இவ்வளவு பரவியது. ஆனால் இடத்தின் விலக்கத்தையும் உந்தத்தின் விலக்கத்தையும் பெருக்கினால் ஒரு குறைந்த அளவுக்குக் கீழே போகாது என்று நாம் தேர்வில் எழுதும் சமனின்மைக்கும் பார்ப்பதற்கும் தொடர்பில்லை. யாரும் தொடாத, யாரும் பார்க்காத பெட்டியின் முதல் மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தின் விலக்கம் பெட்டி அகலத்தில் 0.181 பங்கு, உந்தத்தின் விலக்கத்தையும் கண்டு பெருக்கினால் எச்-பார் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது) மதிப்பில் 0.568 பங்கு வருகிறது. கோட்பாடு கேட்கும் குறைந்த அளவு 0.5. இரண்டாம் மட்டத்தில் அதே பெருக்கற்பலன் 1.67. இந்தக் கணக்கில் எங்கும் ஓர் அளவீடு நுழையவில்லை, மனம் நுழையவில்லை. அகலம் குறுகிய அலைத்தொகுப்புக்குப் பல அலைநீளங்கள் தேவை என்ற அலைக்கணிதமே அதில் இருக்கிறது. அளவீட்டின்போது என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி. அறிஞர்கள் இன்னும் வாதிடும் கேள்வி. அங்கும் கருவி என்பது ஒரு மின்சுற்றாகவோ ஒரு படத்தகடாகவோ இருந்தால் போதும்.

ராயபுரம் மின்னணுப் பட்டறை

எல்.இ.டி. சோதனையைப் பற்றித் தங்கச்சி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் டிப்ளமா படித்தவன், எல்.இ.டி. பலகைகளும் மின்வழங்கிகளும் பழுது பார்ப்பது தொழில். கல்லூரி மாணவர்கள் இந்தச் சோதனைக்கான விளக்குகளை வாங்க என்னிடம் வருவதுண்டு.

முதலாவதாக, வெள்ளை எல்.இ.டி.யை வாங்காதீர்கள். வெள்ளை நிறத்தை உமிழும் குறைகடத்தி என்று ஒன்று அதற்குள் இல்லை. உள்ளே இருப்பது நீலச் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீல ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. அதற்கு ஓர் அலைநீளத்தை எழுத முடியாது. அந்த நீலச் சில்லு கிடைக்காமல்தான் பல ஆண்டுகள் உலகம் காத்திருந்தது. காலியம் நைட்ரைடில் அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, தலைப்பகுதி நிறமற்ற கண்ணாடிபோல இருக்கும் விளக்குகளையே கேளுங்கள். சாயம் பூசிய தலை உள்ளே இருக்கும் சில்லின் நிறத்தை மறைத்துவிடும். எரியத் தொடங்கும் வோல்ட்டைக் கண்ணால் பார்ப்பதாக இருந்தால், தீர்ந்துபோன மார்க்கர் பேனாவின் உறையை இரண்டு பக்கமும் வெட்டி விளக்கின்மேல் செருகி, மறுமுனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஆய்வகத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தில் முதல் மினுக்கல் தெரியவே தெரியாது. மின்தடையைத் தொடரில் போட மறந்தால் விளக்கு போய்விடும்.

ஆனால் கண்ணை நம்புவதைவிட, எல்லா விளக்குகளுக்கும் ஒரே மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்து, அப்போதைய வோல்ட்டைக் குறிப்பதே சரியான முறை என்பேன். நம் கண் பச்சைக்குக் கூர்மையாகவும் ஆழ்ந்த சிவப்புக்கு மந்தமாகவும் இருப்பதால், கண்ணால் பார்த்த தொடக்கம் நிறத்துக்கு நிறம் ஏமாற்றும்.

பெரம்பூர் பழைய வாத்தியார்

அருமையாகச் சொன்னீர்கள். இதில் கணக்கின் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். 1,240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைத்துவிடும். 630 நானோமீட்டர் சிவப்புக்கு 1.97, 470 நானோமீட்டர் நீலத்துக்கு 2.64. ஒரே ஒரு விளக்கின் வோல்ட்டை எடுத்து நேரடியாக மாறிலியைக் கணக்கிட்டால் விடை பெரும்பாலும் குறைவாக வரும். வெப்பத்தால் ஏற்கெனவே சற்றே உயர்ந்த ஆற்றலில் இருக்கும் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) ஒளி உமிழ்வில் பங்கேற்பதால், பட்டை இடைவெளிக்கு, அதாவது குறைகடத்தியில் எலக்ட்ரான் தாவ வேண்டிய ஆற்றல் இடைவெளிக்கு, உரிய வோல்ட்டுக்கு முன்பே விளக்கு மினுக்கத் தொடங்கிவிடுகிறது. எனவே பல நிறங்களை எடுத்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வோல்ட்டை வரைந்து, கோட்டின் சாய்வை மட்டும் பயன்படுத்துங்கள். எல்லா விளக்குகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் விலகல் சாய்வில் அடிபட்டுப் போகும்.

மேலே சொன்ன சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே வோல்ட் வேறுபாடு 0.67 இருக்க வேண்டும். உங்கள் வாசிப்பில் 0.1 வோல்ட் பிழை நேர்ந்தாலே மாறிலியில் 15 விழுக்காடு பிழை வந்துவிடும். சீனியர்களின் விடைகள் ஏன் சிதறின என்பது இப்போது புரியும். போதாக்குறைக்கு, சிவப்பு விளக்கும் நீல விளக்கும் வெவ்வேறு குறைகடத்திக் கலவைகளால் ஆனவை. ஒரே கோட்டில் அவை அழகாக அமராவிட்டால் புள்ளிகளைத் திருத்தாதீர்கள், காரணத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். நல்ல புறத்தேர்வாளர் அதற்கே மதிப்பெண் கொடுப்பார்.

இன்னொரு செய்தி. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியின் மதிப்பு வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. கிலோகிராம் அதிலிருந்துதான் வரையறுக்கப்படுகிறது. காசிமேட்டில் வஞ்சிரத்தை நிறுக்கும் தராசின் முத்திரையைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து போனால், கடைசியில் நிற்பது 6.62607015 என்று தொடங்கும் அந்த எண்.

ஸ்கேன் அறை

பயன்பாடுகள் ஐந்தாம் அலகில் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தங்கை எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். ஜாம் தேர்வர் சொன்ன இரண்டு நிலைக் கணக்கு எங்களுக்கு அன்றாட வேலை.

ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டானுக்கும் தற்சுழற்சி உண்டு. காந்தப்புலத்தில் அதற்கு இரண்டே ஆற்றல் நிலைகள். 1 டெஸ்லா புலத்தில் அவற்றுக்கு இடையே தாவச் செய்யும் அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ். எங்கள் இயந்திரம் 1.5 டெஸ்லா என்பதால் சுமார் 63.9 மெகாஹெர்ட்ஸில், அதாவது ரேடியோ அலையில், நோயாளியின் உடலோடு பேசுகிறோம். இந்த இரு நிலைகளின் ஆற்றல் இடைவெளி உடல் வெப்பத்தோடு ஒப்பிட்டால் மிகமிகச் சிறியது. அதனால் கீழ்நிலையிலும் மேல்நிலையிலும் புரோட்டான்கள் ஏறக்குறையச் சமமாக இருக்கின்றன. பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற அளவில்தான் கீழ்நிலையில் கூடுதல். படத்துக்கான சைகை முழுவதும் அந்த ஐந்திலிருந்து வருகிறது. ஒரு கன மில்லிமீட்டர் நீரில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரியது என்பதால்தான் இந்தச் சொற்ப மிச்சமே போதுமானதாகிறது.

காந்தமும் குவாண்டம் விளைவுதான். நயோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள், 4 கெல்வினுக்கு அருகே திரவ ஹீலியத்தில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைச் சுழல விட்டுக்கொண்டிருக்கிறது. மின்வெட்டு ஏற்பட்டு விளக்கெல்லாம் அணைந்த நேரத்திலும் அந்தப் புலம் அப்படியே இருக்கும். ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு வருபவர்களிடம், இயந்திரம் ஓடவில்லை என்றாலும் காந்தம் விழித்திருக்கிறது என்று வாசலிலேயே நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வியாசர்பாடி ஜாம் தேர்வர்

மிக்க நன்றி. அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வைத் திண்மத்திலும் திரவத்திலும் கண்ட பிளாக், பர்செல் இருவருக்கும் 1952-இல் இயற்பியல் நோபல். அதைப் படமாக்கிய லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபல். ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கலாம்: கோடிக்கணக்கான புரோட்டான்களின் சராசரி காந்தத்திறன் சுழல்வதைப் பம்பரக் கணக்காகவே எழுதிவிடலாம், விடை மாறாது. இரண்டு நிலைகள் ஏன், 42.58 என்ற எண் எங்கிருந்து என்று கேட்கும் இடத்தில்தான் குவாண்டம் தவிர்க்க முடியாததாகிறது.

தண்டையார்பேட்டை மாணவி

அனைவருக்கும் நன்றி. ஐயா கொடுத்த கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கிடையே இன்னொரு சந்தேகம். துகள் தன் ஆற்றலைவிட உயரமான தடையை ஊடுருவும் டன்னலிங் பாடத்தில், அது சிறிது நேரத்துக்கு ஆற்றலைக் கடன் வாங்கித் தடையைத் தாண்டி, பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று ஒரு காணொளியில் கேட்டேன். கடன் கொடுப்பவர் யார் என்றுதான் புரியவில்லை.

பெரம்பூர் பழைய வாத்தியார்

கடன் கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. சமன்பாட்டில் மொத்த ஆற்றல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எண்தான். தடைக்குள் அலை அதிராமல் தேய்கிறது; சுவர் முடிவதற்குள் அது முழுவதும் தேய்ந்துவிடாவிட்டால், மறுபக்கத்தில் எஞ்சியதைக் கொண்டு மீண்டும் அதிரத் தொடங்குகிறது. அவ்வளவே.

ஆனால் அந்தத் தேய்வின் வேகம் மலைக்க வைப்பது. எலக்ட்ரானின் ஆற்றலைவிட 5 எலக்ட்ரான் வோல்ட் உயரமான தடை என்றால், தடையின் அகலம் 0.1 நானோமீட்டர் கூடும் ஒவ்வொரு முறையும் ஊடுருவல் ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகிறது. பின்னிக்கும் ரோரரும் 1981-இல் செய்த நுண்ணோக்கி இந்தக் கொடுமையான உணர்திறனைத்தான் பயன்படுத்துகிறது. ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தை மாறாமல் வைத்துக்கொள்ள ஊசி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று குறித்தால், அணுக்களின் மேடுபள்ளம் கிடைக்கிறது. உங்கள் பையிலிருக்கும் பென் டிரைவும் சிலிக்கான் ஆக்சைடின் மெல்லிய படலத்தின் ஊடே எலக்ட்ரான்களை இவ்வாறு செலுத்தியும் எடுத்தும்தான் தகவலை எழுதி அழிக்கிறது.

இயற்கையில் இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று ஆல்ஃபா சிதைவு. யுரேனியம்-238 உமிழும் ஆல்ஃபா துகளின் ஆற்றல் சுமார் 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுள் சுமார் 450 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212 உமிழும் துகளுக்கு 8.8, அரை ஆயுள் ஒரு மைக்ரோ வினாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஆற்றல் இரண்டு மடங்கு ஆனதற்கு ஆயுள், 1-ஐத் தொடர்ந்து 23 சுழிகள் போட்ட எண்ணைவிட அதிக மடங்கு சுருங்கிவிட்டது! 1928-இல் காமோவும், தனியாகக் கர்னியும் காண்டனும் சேர்ந்து, இதே தேய்வுக் கணக்கைக் கொண்டு இதை விளக்கினார்கள். கடன் கதையைச் சொல்லி இந்த எண்ணை யாராலும் வருவித்துவிட முடியாது. ஒரு விளக்கம் எண்ணைத் தருகிறதா என்று கேட்பதே காணொளிகளை வடிகட்ட நல்ல சல்லடை.

ராயபுரம் மின்னணுப் பட்டறை

ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் சில மையங்கள் மூன்று மாதத்தில் குவாண்டம் கணினிப் பயிற்சி, உடனே வேலை என்று துண்டறிக்கை கொடுக்கின்றன. என் அண்ணன் மகனைச் சேர்க்கலாமா?

வியாசர்பாடி ஜாம் தேர்வர்

அண்ணா, துறை உண்மையானது. தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல்தொடர்புக்கானது நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. ஆனால் அங்கே கேட்கப்படுவது நேரியல் இயற்கணிதமும், ஒளியியலும், மின்னணுக் கைத்திறனும்தான். பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்த மையத்தின் பாடத்தில் அணிகளும் கலப்பெண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஓர் அலைகாட்டி வாங்கி உங்கள் பட்டறையிலேயே அவனை உட்கார வைப்பது மேல்.

தண்டையார்பேட்டை மாணவி

ஐயா, கணக்கை முடித்துவிட்டேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

முதலில், இரண்டாம் மட்டத்தில் நடுப்புள்ளியைச் சுற்றிப் பெட்டியின் 2 விழுக்காடு அகலத்துக்கு நிகழ்தகவைத் தொகையிட்டேன். லட்சத்தில் சுமார் 5 வந்தது. அதே இடத்தில் முதல் மட்டத்துக்கு 100-இல் ஏறக்குறைய 4 வருகிறது. ஆக, சுழி என்பது ஒரு புள்ளியில் மட்டும்தான்.

பிறகு இரண்டையும் சம அளவில் கலந்தேன். இடது பாதியில் இருப்பதற்கான நிகழ்தகவு, பாதியோடு 0.424 மடங்கு கோசைன் சேர்ந்ததாக வருகிறது. அதாவது ஒரு கணத்தில் 92 விழுக்காடு இடப்பக்கம், பிறகு குறைந்து குறைந்து 8 விழுக்காடு, மீண்டும் 92. ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் பிளாங்க் மாறிலியை 1.128 எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்த விடை, 3.67 ஃபெம்டோ வினாடி. இந்தக் கலப்பு நிலையில் நடுப்புள்ளியின் நிகழ்தகவு எந்த நேரத்திலும் சுழியாகவில்லை, முதல் மட்டத்தின் பங்கு அங்கே எப்போதும் இருக்கிறது. நான் கேட்ட தாண்டுதல் இதுதானே?

பெரம்பூர் பழைய வாத்தியார்

இதுவேதான். எண்கள் எல்லாம் சரி. இந்த நிலையில் ஆற்றலின் சராசரி 0.94 எலக்ட்ரான் வோல்ட் என்று காண்பீர்கள். ஆனால் அளந்தால் ஒவ்வொரு முறையும் 0.376 அல்லது 1.504 மட்டுமே வரும், 0.94 ஒருபோதும் வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு படி போங்கள். மின்னூட்டம் கொண்ட ஒன்று இடமும் வலமுமாக ஊசலாடினால் அது என்ன செய்யும்? ஒளியை உமிழும். ஊசலின் அதிர்வெண் உங்கள் 3.67 ஃபெம்டோ வினாடியின் தலைகீழ். 1,240-ஐ 1.128-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 1,100 நானோமீட்டர், அகச்சிவப்பு. பெட்டியைச் சுருக்கினால் ஆற்றல் இடைவெளி பெருகி நிறம் கண்ணுக்குத் தெரியும் பக்கம் நகரும். 2023-இல் வேதியியல் நோபல் பெற்ற பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரின் குவாண்டம் புள்ளிகளில் (நானோமீட்டர் அளவுள்ள குறைகடத்தித் துகள்கள்) ஒரே பொருள் அளவைப் பொறுத்துச் சிவப்பாகவும் நீலமாகவும் ஒளிர்வதற்கு அடிப்படை இதுதான்.

இப்போது முதல் மட்டத்தையும் மூன்றாம் மட்டத்தையும் கலந்து அதே கணக்கைப் போடுங்கள்.

தண்டையார்பேட்டை மாணவி

போட்டுவிட்டேன் ஐயா. இடது பாதியின் நிகழ்தகவு எல்லா நேரத்திலும் சரியாக 50 விழுக்காடாகவே நிற்கிறது. இரண்டு அலைச்சார்புகளும் நடுப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீராக இருப்பதால், பரவல் நடுவை நோக்கிக் குவிவதும் விரிவதுமாக இருக்கிறதே தவிர, பக்கம் மாறவில்லை. அப்படியானால் ஒளி உமிழ்வும் இருக்காது அல்லவா?

வியாசர்பாடி ஜாம் தேர்வர்

மின்னூட்டம் பக்கம் மாறி ஊசலாடுவதால் வரும் இருமுனை உமிழ்வு இருக்காது. மூன்றாம் மட்டத்திலிருந்து எலக்ட்ரான் ஒரே தாவலில் முதல் மட்டத்துக்கு இறங்காமல், இரண்டாம் மட்டம் வழியாகவே இறங்கும். ஹைட்ரஜன் அணு அலகில், எந்தத் தாவல் நடக்கும், எது நடக்காது என்று சொல்லும் தேர்வு விதிகள் என்று ஒரு பட்டியல் வரும் பாருங்கள். அதில் முதல் வரியை நீங்கள் இப்போதே வருவித்துவிட்டீர்கள், சகோதரி.